பெர்மிட் உண்டு, லோடு இல்லை

ஆகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட அப்பாவின் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். கரிசல் புழுதி கண்ணில், காபியில், லேப்டாப் கீபோர்டில். ஆடி முடிந்தும் ஆடிக்காற்று முடியவில்லை.

இன்று செய்தவை: இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில். படிப்பு முடித்த சான்றிதழ் ஸ்கேன், இரண்டாம் தடவை (முதல் தடவை ஓரத்தில் சீல் வெட்டுப்பட்டுவிட்டது). ஜெர்மனியில் என்னோடு ரூமில் இருக்கும் ஈரோட்டு சதீஷுக்கு போன், தபால் பெட்டியைப் பார்க்கச் சொல்லி. பார்த்தானாம். பீட்சா கடை விளம்பரம் மட்டும்.

ஒருமுறை தெளிவாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே கிடக்கிறது. படிப்பு ஜூனில் முடிந்தது. மாணவனாக அங்கே இருப்பதற்கான கார்டு செப்டம்பர் 6 வரை. அதற்குள் அடுத்த பெர்மிட்டுக்கு மாற வேண்டும். அங்கே படித்து முடித்தவர்களுக்கு, வேலை தேடிக்கொள்ளச் சொல்லி ஒன்றரை வருஷம் தருவது. ஜூலையிலேயே விண்ணப்பித்தாயிற்று. 'விண்ணப்பம் கிடைத்தது' என்று ஒரு மெயில். அதோடு சரி. இனி அவர்கள் கூப்பிட வேண்டும், நான் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும்.

திரும்பிப் போக டிக்கெட் செப்டம்பர் 1. அக்கா மகன் கதிருக்குக் காதுகுத்து ஆகஸ்ட் 29, கழுகுமலையில். தாய்மாமன் நான். நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் வந்ததே. காதுகுத்து முடிந்து கிளம்பினால் நேரம் இருக்கிறது. இருக்கிறது, இருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலைக் கடைசியிலேயே காதுகுத்தை வைத்திருக்கலாம். அம்மாவிடம் கேட்டேன். "ஆடியிலயா? உனக்கென்னலே கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ஆகஸ்ட் 20, புதன்

காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனரின் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்தது. நடுவில் நான், ஆள் உயரத்துக்கு. கோட் போட்டிருக்கிறேன். எனக்குக் கோட்டே கிடையாது. மேலே சிவப்பில் 'ஜெர்மனியை அசத்தும் எங்கள் தாய்மாமன்'. கீழ் ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள், காது குத்திக்கொள்ளப்போகிற கதிர்.

முகம் போன வாரம் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸுக்கு எடுத்தது. கேட்காமலே வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். பெர்மிட்டுக்கு ஆகுமா என்று சதீஷுக்கு அனுப்பினேன். "யார்ரா இது?" என்றான். அங்கே ஆபீஸிலேயே மெஷினில் எடுத்துக்கொள்வார்களாம். மிச்சக் காப்பிகளை அம்மா சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்லே" என்றாள். பெண் பார்க்கத்தான்.

ஜெர்மனியை நான் அசத்தவில்லை. காலையில்கூட ஒரு கம்பெனி: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, ஆனால். இப்போதெல்லாம் ஆனாலுக்குப் பிறகு படிப்பதில்லை.

சாயந்திரம் அப்பாவின் லாரி புக்கிங் ஆபீஸ். வடக்கே தீப்பெட்டி அனுப்ப வந்த அண்ணாச்சி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"தம்பிக்கு அங்கன வேலையெல்லாம் எப்படி?"

"ஜெர்மன் கவர்மெண்டே பெர்மிட் குடுக்கு அண்ணாச்சி. ஒண்ணரை வருசத்துக்கு."

"அப்பொ ஆளு செட்டில்னு சொல்லுங்க."

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலண்டரிலும் செப்டம்பர் வந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணாச்சி போனபிறகு சொன்னேன். அப்பா, அது வேலை இல்லை. வேலை தேடுவதற்கு அனுமதி. அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. அப்பா விளங்காமல் பார்த்தார். "வண்டிக்கு பெர்மிட் இருக்கும், லோடு இருக்காதுல்லா. அந்த மாதிரிப்பா" என்றேன்.

அவர் டீ சொன்னார். "பன்னு வேணுமாலே?" என்றார். வேண்டாம் என்றேன். தனக்கும் வேண்டாம் என்று டீக்கடைப் பையனிடம் சொல்லிவிட்டார்.

முப்பது வருஷமாக லோடு இல்லாத வண்டிகளைப் பார்த்தவர். நன்றாகவே விளங்கியிருக்கும். வேறு உதாரணம் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மெயில் வந்துவிட்டது!! செப்டம்பர் 4, காலை 9.20, நேரில். இரண்டாம் மாடி, அறை எண் போட்டிருக்கிறது. கொண்டுவர வேண்டியவை:

பாஸ்போர்ட், பழைய கார்டு
சான்றிதழ் ஒரிஜினல்
இன்சூரன்ஸ் கடிதம் (இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை திரும்பக் கேட்க வேண்டும்)
வாடகை ஒப்பந்தம் — சதீஷிடம்

29 காதுகுத்து, 31 ரயில், 1 விமானம், 4 ஆபீஸ், 6 கார்டு முடிவு. அளந்து வெட்டின மாதிரி பொருந்துகிறது. இன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். வந்த நாளிலிருந்து முதல் தடவை என்று அம்மா சொன்னாள்.

கடம்பூரிலிருந்து அக்காவும் கதிரும். அக்கா எனக்குப் பட்டு வேட்டி எடுத்து வந்திருக்கிறாள், மாமன் சீர் நான் கொண்டுபோக வேண்டியிருக்க, அவளே. "நீ படிக்கிற பிள்ளை" என்கிறாள். படித்து முடித்துவிட்டேன் என்பது அவளுக்கு ஏறவில்லை. சரியாகத்தான் ஏறவில்லை.

கதிருக்குப் பதினோரு மாசம். என் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். காது மடல் வெல்வெட் மாதிரி. இதில் ஊசியா என்று எனக்கே பதறியது.

எட்டு வருஷம் பிள்ளை இல்லை அக்காவுக்கு. அவள் மாமியார் வாயைத் திறந்தாலே அந்தப் பேச்சுத்தான். மதுரை ஆஸ்பத்திரிக்கு அவள் அலைந்த நாட்களில், அத்தானுக்கு லீவு கிடைக்காதபோதெல்லாம் கூடப் போனது நான். காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு. ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கழுகுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்தால் அங்கே மொட்டை, என் தம்பி மடியில் வைத்துக் காது. சத்தமாகவே சொன்னாள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று அத்தானின் பெரியப்பா இறந்துபோனார். எண்பதைத் தாண்டியவர், தூக்கத்திலேயே. இன்று எல்லோரும் கடம்பூர் போய் வந்தோம். வெயில். பந்தலைக் காற்று தூக்கப் பார்த்தது, நாலு பேர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் இறங்கும்போதே அம்மா என் கையைப் பிடித்து, "பங்காளித் தீட்டுலே" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதிர் அந்த வீட்டுப் பிள்ளை. பதினாறு முடியாமல் கோயில் படி ஏற முடியாது. மொட்டை கிடையாது, காது கிடையாது.

பெண்கள் பக்கத்திலிருந்து: "இருவத்தொம்பது காதுகுத்து வச்சிருந்தாவளே, பாவம்." "அதுக்கென்ன, பதினாறு கழிச்சு வச்சிட்டாப் போச்சு."

பெரியப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்த பிறகு, அத்தான் வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து போனில் பஞ்சாங்கம் பார்த்தார்கள். செப்டம்பர் 11, வியாழன். முகூர்த்தம் நன்றாக இருக்கிறதாம். ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, டிக்கெட்ட மாத்திக்கிடலாம்லா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கூடத்து வாசலில் கதிரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சாவு வீட்டில் எப்படி மாட்டேன் என்பது?

தலையை ஆட்டிவிட்டேன்.

வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். 11. கார்டு 6. ஆபீஸ் 4.

ஆகஸ்ட் 25, திங்கள்

சதீஷ்: "டேய், ஆபீஸ்காரன் அனுப்புன மெயில் வெறும் ரசீதுடா. அத காட்டி ஏர்போர்ட்டுக்குள்ள நுழைய முடியாது. கார்டு முடியறதுக்குள்ள வந்து, நேர்ல போய், அவன் குடுக்கற பேப்பர வாங்கிரு. அந்தப் பேப்பர் இருந்தா பொழச்ச."

வாங்காவிட்டால்?

"வாங்காட்டி, அங்கயே இருந்துட்டு மொதல்லருந்து விசா போடு."

அந்த ஆபீஸுக்கு மெயில் எழுதினேன். குடும்பத்தில் ஒரு மரணம், தேதியைத் தள்ளிவைக்க முடியுமா. மரணம் என்று எழுதும்போது கொஞ்சம் கூசியது. பொய் இல்லை. ஆனாலும்.

இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. சந்தோஷப்பட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எந்த ஆபீஸ் பதில் போடும்? மரணத்துக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். அடுத்த நேரம் நவம்பரில்தான். அதுவரை நாட்டுக்கு வெளியே இருந்தால் புதிய விசா.

புதிய விசா என்றால் என்ன காரணம் எழுதுவது? படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. அங்கே படித்து அங்கேயே தேடினாலே இத்தனை 'ஆனால்'. இங்கிருந்து தேடினால் யார் சீண்டுவார்கள்?

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா நாளைக் கொழுக்கட்டைக்குத் தேங்காய் உடைத்துத் தரச் சொன்னாள். முதல் தேங்காய் கோணலாக உடைந்தது. அதற்கும் பயந்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. தெருவில் ஸ்பீக்கர். அக்கா வீட்டில் தீட்டு என்பதால் அங்கே ஒன்றும் கிடையாது. கொழுக்கட்டையை யாரிடமாவது கொடுத்துவிடலாமா கூடாதா என்று அம்மாவுக்கும் சித்திக்கும் அரை மணி நேர வாக்குவாதம். கொடுத்துவிடவில்லை.

அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கார்டு, பேப்பர், நவம்பர், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் கதிர் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"நீ பந்தல்ல தலைய ஆட்டுனியா இல்லியா?"

"ஆட்டுனேன்க்கா."

"அத்தன பேரு முன்னால ஆட்டுன."

"அங்கன வச்சு நான் என்னக்கா சொல்ல?"

"எட்டு வருசம்லே. ஒரு பத்து நாளு உன்னால இருக்க முடியாதா? லீவு கேட்டா குடுக்க மாட்டாவளா?"

"லீவு குடுக்கதுக்கு எனக்கு வேலை இருக்கணுமேக்கா."

போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அவ்வளவு எரிச்சலாகச் சொல்லியிருக்க வேண்டாம். எரிச்சல் அவள் மேல் இல்லை.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா: "நம்ம கார்த்திய உக்கார வச்சிரலாம்." கார்த்தி சித்தப்பா மகன். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான், சாஸ்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. "ஃபிளெக்ஸ்ல உன் போட்டோ, மடி அவன் மடி. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். முருகனிடம் அக்கா என் மடி என்று சொல்லி நேர்ந்திருக்கிறாள், அதுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தூக்கம் சரியில்லை. இருந்துவிடலாமா என்றுகூட நினைத்துப் பார்த்தேன். இருந்தால்: கதிர் என் மடியில். அக்கா முகம். அதற்கு அப்புறம் அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்து, வருகிற அண்ணாச்சிமார்களுக்கெல்லாம் ஏன் போகவில்லை என்று விளக்கம். போனால்: ஒன்றரை வருஷம், கையில் ஒன்றுமில்லை, தேடு. இரண்டும் பயமாகத்தான் இருக்கிறது. போகாமலிருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி. அதைக் கண்டுபிடித்ததும் இன்னும் பயம்.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அக்காவுக்குத் தானே போன் போட்டார். வழக்கமாக அம்மாவிடம்தான் கொடுத்துவிடுவார்.

"ஏட்டி, நான் சொல்லுதத முழுசாக் கேளு. பெர்மிட்டு முடியுததுக்கு முந்தி வண்டி பார்டரத் தாண்டிரணும். செக்போஸ்ட்டுல மாட்டிக்கிட்டா பொறவு லோடு வந்தாலும் ஓட முடியாது. நான் பட்டுருக்கேன்."

அக்கா என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அப்பா ரொம்ப நேரம் ம், ம் என்று மட்டும் சொன்னார். பிறகு, "அவனுக்கு லோடு இல்லேங்கத நான்தான் உங்கிட்ட சொல்லல. வெளிய சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. வச்சிருதேன்."

என் பக்கம் திரும்பாமலே, "ஒண்ணாந்தேதி டிக்கெட் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காதுகுத்து நடந்திருக்க வேண்டிய நாள். ஒன்றும் நடக்கவில்லை. காற்று.

ஃபிளெக்ஸ் வந்து இறங்கியது. பழைய தேதியிலேயே அடித்துவிட்டார்கள், 11 என்று ஸ்டிக்கர் தருகிறார்களாம். சுருட்டி ஹாலில் சாத்தி வைத்திருக்கிறது. தாண்டிப் போகும்போதெல்லாம் என் வெள்ளை நெற்றி மட்டும் தெரிகிறது.

கார்த்தி பட்டு வேட்டியைக் கட்டிப் பார்த்தான். அளவாக இருந்தது. "அண்ணே, கோச்சுக்கிடாத" என்றான். இதில் கோபிக்க என்ன இருக்கிறது? நல்ல பையன். போட்டோவில் என்னைவிட நன்றாக இருப்பான்.

அக்காவுக்கு மூன்று மெசேஜ். நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

வாங்க வேண்டியவை: கடலை மிட்டாய் (சதீஷுக்கு இரண்டு பாக்கெட், இல்லாவிட்டால் ரூமுக்குள் விடமாட்டான்). இட்லிப் பொடி. பெட்டிக்குப் பூட்டு. சுகர் மாத்திரை அப்பாவுக்கு, நான் போன பிறகு மறப்பார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. ரயிலில்

கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு அத்தான் மட்டும் வந்தார். போளி பார்சல், செய்தித்தாளில் சுற்றி, இன்னும் சூடு. அக்கா எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னார்: "கிளம்பிட்டா மாப்ள. சேலையெல்லாம் மாத்திட்டா. பொறவு, பிள்ளையோட ஸ்டேசனுக்கு வந்தா தம்பிய ரயிலேற விட மாட்டேன்னு உக்காந்துட்டா."

போளி சூடாக இருக்கிறது அத்தான் என்றேன்.

அம்மா அழுதாள். அப்பா பெட்டியைத் தானே ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி, பூட்டை இழுத்துப் பார்த்தார். லாரியில் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பது போலவே. "பேப்பர வாங்குனதும் ஒரு போன்" என்றார். இறங்கிவிட்டார்.

சாத்தூர் தாண்டும்வரை பார்த்தேன். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்கு வாயைப் பிளந்துகொண்டு. போளி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 4, வியாழன். ஜெர்மனி

எட்டரைக்கே போய் நின்றேன். இரண்டாம் மாடியில் பெஞ்ச். எதிரே ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. வேறு பக்கம் பார்த்தேன்.

உள்ளே ஒரு அம்மா. பேப்பர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, வேலை கிடைத்துவிட்டதா என்றார். இல்லை, தேடுகிறேன். "நல்லது, அதற்குத்தானே இது" என்றார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டது அவர் ஒருவர்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தும்மல் மாதிரி சமாளித்தேன்.

மெஷினில் போட்டோ எடுத்தது. கறுப்பாக, களைப்பாக, நானே.

கையில் பேப்பர். கார்டு பிறகு தபாலில். ஒன்றரை வருஷம். அடுத்த வருஷம் தாண்டி அதற்கடுத்த மார்ச் வரை.

அப்பாவுக்கு போன். "பார்டரத் தாண்டிட்டியா?" என்றார். தாண்டிவிட்டேன் என்றேன். "சரி, லோடப் பாரு."

அக்காவுக்குப் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினேன். நீலக் குறி.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. இரண்டு 'ஆனால்'. ஒரு கம்பெனி பதிலே போடவில்லை, அது கொஞ்சம் மரியாதையாகப் பட்டது. முட்டை, பால், பஸ் பாஸ். அக்கா: ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

அங்கே முகூர்த்தம் ஒன்பதரைக்கு, இங்கே விடியற்காலை. குளித்துவிட்டு உட்கார்ந்தேன். எதற்குக் குளித்தேன் என்று தெரியவில்லை. சதீஷ் போர்வைக்குள்ளிருந்து, "வீடியோ கால் வந்தா என்னய காட்டிராத" என்றான். வீடியோ கால் வரவில்லை. அம்மா எடுக்கவில்லை. அப்பா எடுக்கவில்லை. கார்த்தி போன் அணைத்துக் கிடந்தது.

எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து குரல் செய்தி. பின்னால் மேளம், தட்டுச் சத்தம், யாரோ சாம்பார் கேட்கிறார்கள். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஏலே, நாந்தான். மொட்ட போட்டாச்சு. மலையே கேக்க அழுதான். காது குத்தல. கார்த்தி வேட்டியக் கட்டி உக்காந்துட்டான், ஆசாரியும் ஊசிய எடுத்துட்டாவ. தாய்மாமன் மடியில நல்லா வச்சுக்கோங்கன்னு சொன்னாவ. நான் பிள்ளையத் தூக்கிட்டேன். அம்மா வையுதா. எங்க அத்தை வையுதாவ. வையட்டும். கார்த்திதான் பாவம், வேட்டியோட பந்தி பரிமாறுதான். ஒத்தப்படை வயசுலதான் குத்தணுமாம். ஒண்ணு விட்டா மூணு. உன் பெர்மிட்டு என்னைக்கு முடியுதுன்னு அப்பாட்ட கேட்டேன். அதுக்குள்ள இவனுக்கு மூணு நடக்கும்லே. சரியா வருது. லோடப் பிடிச்சிட்டு வா, பொறவு குத்திக்கிடுவோம். அவசரமில்ல. நீ சாப்ட்டியா?"

கூடவே ஒரு போட்டோ. மொட்டைத் தலை, வழியச் சந்தனம், அழுது சிவந்த மூக்கு. இரண்டு காதும் வெறுமனே. பின்னால் ஃபிளெக்ஸில் கோட் போட்ட நான், காற்றில் ஒரு பக்கம் கிழிந்து.

மூன்று தடவை கேட்டேன். சந்தோஷத்தில் அழுதேன். அதற்குள்ளேயே பயமும் வந்துவிட்டது. இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் தேதி இருந்தது. இனி கதிரின் காதுக்கும்.

சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். சாப்பிடவில்லை.

இன்றைக்கு இரண்டு அப்ளிகேஷன் என்று நேற்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு ஐந்து. மணி பத்தரை. இரண்டு போயாயிற்று, மூன்றாவது திறந்திருக்கிறது. எப்போதிலிருந்து வேலையில் சேர முடியும் என்று கேட்கிறார்கள்.

இன்றே.